பேயா, பொறியா?

பொத்தேரியில் நம் ஆலயத்தின் பின்புறத்து அறையில் இரண்டு இரும்பு அலமாரிகள் உள்ளன. அவையே நம் பங்கு நூலகம். அந்த அலமாரியிலிருந்து ஒரு புதினத்தை அகற்ற வேண்டும், அதைப் படித்து விவாதித்த வாசகர் வட்டத்தையும் கலைத்துவிட வேண்டும் என்று கோரி 11 பேர் ஒப்பமிட்ட மடலொன்று சென்ற மாதம் நம் கைக்கு வந்தது. அம்மடலின் படியொன்று இவ்விதழுக்கும் அனுப்பப்பட்டிருப்பதாக அறிகிறோம். ஆகவே விடையையும் இங்கேயே தருவதுதான் முறை. பிரசங்கத்தின் நடுவே பதில் சொல்வது எளிது. ஆனால் அங்கே யாரும் எழுந்து மறுத்துப் பேச முடியாது. அது நேர்மையான விவாதம் ஆகாது.

அகற்றக் கோரப்பட்ட நூல், சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. 1980களின் தொடக்கத்தில் குமுதம் வார இதழில் தொடராக வந்த கதை இது. வழக்கறிஞர் கணேஷும் அவருடைய இளையவர் வசந்தும் ஒரு குடும்பத்தின் சொத்து விவகாரத்திற்காகப் பழைய பெரிய வீடொன்றுக்குச் செல்கிறார்கள். சொத்துக்கு உரியவளாகப் போகும் இளம்பெண், அக்குடும்பத்தை விடாது தொடர்வதாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணின் ஆவி, அதனைத் தொடர்ந்து கொலைகள். கணேஷ் ஒவ்வொன்றுக்கும் அறிவியல் விளக்கம் தேடுகிறார். வசந்தின் மனமோ பேயின் பக்கம் சாய்கிறது. லேசர் ஒளியால் உருவத்தைத் தோற்றுவிக்கும் ஹாலோகிராம் என்னும் நுட்பம் கதைக்குள் வருகிறது. ஆயினும் நூலை மூடும்போது, எல்லாம் விளங்கிவிட்டது என்று நிம்மதியாக எழுந்து போக ஆசிரியர் நம்மை விடுவதில்லை. ஐயத்தின் ஓர் இழையை வேண்டுமென்றே அறுக்காமல் விட்டிருக்கிறார்.

நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் வாசகர்கள் இந்த முடிவைப் பற்றிச் சண்டையிட்டு வருகிறார்கள். அச்சண்டையின் ஒரு பகுதி நம் ஆலயத்து அறையில் நடந்தது என்பதே நம்மீது சுமத்தப்பட்ட குற்றம்.

நம் வட்டத்தில் பெரும்பாலோர் இந்தத் தொடர்வண்டிப் பாதையில் வந்து படிக்கும் பொறியியல் மாணவ மாணவியர். ஓய்வுபெற்ற இரயில்வே அலுவலர் ஒருவர், தையல் பயிற்றுவிக்கும் சகோதரி ஒருவர், ஊரப்பாக்கத்திலிருந்து வரும் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆகியோரும் உண்டு. இந்த நூலை மாணவர்களே தேர்ந்தெடுத்தனர். இதே பாதையில் சில நிலையங்கள் வடக்கே, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தவர் சுஜாதா என்பது அவர்களுக்குப் பெருமை. அதற்கு முன் அவர் இயற்பியல் பயின்றது திருச்சி தூய வளனார் கல்லூரியில், இயேசு சபைக் குருக்களிடத்தில், என்பதை நாம் நம் பங்குக்குச் சொல்லிவைத்தோம். பின்னாளில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றியவர் அவர். கையால் இயந்திரம் செய்தவர், பேனாவால் பேயை எழுதினார். இது நினைவில் கொள்ளத்தக்கது.

அன்று எழுந்த கருத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. இறுதியாண்டு மாணவர் ஒருவர் கரும்பலகையில் படம் வரைந்தே காட்டினார். ஹாலோகிராம் என்பது, லேசர்க் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின்மீது பட்டுத் திரும்பச் செய்து, மற்றொன்றை நேரே தகட்டின்மீது விழச்செய்து, இரண்டும் கலப்பதால் உண்டாகும் அலைக்கோலத்தைப் பதிவு செய்வதாகும். டென்னிஸ் கேபர் 1940களின் இறுதியில் இதன் கொள்கையைக் கண்டார். லேசர் 1960இல்தான் வந்தது. கேபருக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. பதிவான தகட்டின்மீது மீண்டும் ஒளி பாய்ந்தால் உருவம் முப்பரிமாணத்தில் எழும். ஆனால் காண்பவரின் பார்வை அத்தகட்டைக் கடந்துதான் செல்ல வேண்டும். இருண்ட வெளியில் விரும்பிய இடத்தில் ஓர் உருவத்தை எறிந்து உலவவிட அதனால் இயலாது. “அப்படியானால், ஃபாதர், கணேஷ் சொல்வதும் ஒரு பேய்க்கதைதான். இந்தப் பேய்க்கு மின்சாரம் வேண்டும், அவ்வளவே வேறுபாடு” என்று அவர் முடித்தபோது அறையில் சிரிப்பொலி எழுந்தது. நம்மை அது சிந்திக்க வைத்தது.

இரயில்வே அலுவலர் இதை ஏற்கவில்லை. அவர் தாம்பரம் நடைமேடையில் வாரந்தோறும் இதழ் வாங்கி, தொடர்ப் பக்கங்களைப் பிரித்துத் தைத்து வைத்தவர். அன்றைக்கு லேசர் என்ற சொல்லையே அந்தத் தொடரில்தான் முதலில் கண்டாராம். அறிவியலின்பால் தமக்கு மதிப்பு உண்டாக்கிய கதை இது, இதைப் பேய்க்கதை என்பது நன்றிகெட்ட பேச்சு என்று அவர் வருந்தினார். பள்ளி ஆசிரியருக்கோ ஆசிரியர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்ற கோபம். இருநூற்றுச் சொச்சம் பக்கம் நடக்க வைத்துவிட்டு வீட்டு வாசலில் கதவைச் சாத்துவது என்ன நியாயம் என்றார். தையல் சகோதரி ஒரே வரியில் பேசினார்: வசந்த் சொல்வதுதான் உண்மை, தம் பாட்டி கண்டிருக்கிறார். முதலாமாண்டு மாணவர் ஒருவர், பேயோ பொறியோ தமக்குக் கவலையில்லை, இருவரும் பேசிக்கொள்ளும் பேச்சுக்காகவே இருமுறை படித்ததாகச் சொன்னார்.

இதற்கிடையே மாணவர்கள் நமக்குப் புதிய சொல்லொன்றைக் கற்பித்தனர். நீராவி இயந்திரக் காலத்தைக் களமாக்கி, அக்காலத்தில் இல்லாத விந்தைப் பொறிகளை அதில் புகுத்தி எழுதும் மர்மக் கதைகளுக்கு மேலைநாட்டில் ஸ்டீம்பங்க் என்று பெயராம். 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் எழுத்தாளர் ஓர் இதழுக்கு எழுதிய மடலில் பாதி விளையாட்டாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அத்தகைய நூல்களைப் படிப்போரும் இவ்வாறே பிரிந்து நிற்பார்களாம்: பொறி நம்பும்படி இல்லை என்பார் சிலர், பொறி மிகுந்து மாயம் குறைந்துவிட்டது என்பார் வேறு சிலர். நீராவிக் காலத்திலேயே பொறியால் செய்த பேய் உண்டு என்பதை நாம் அவர்களுக்கு நினைவூட்டினோம். 1862இல் இலண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடியாலும் மறைவிடத்து விளக்காலும் மேடையில் ஆவியை நடமாட விட்டார். அதற்கும் முன்னால், 17ஆம் நூற்றாண்டில், நிழலுருக் காட்டும் மாயவிளக்கைத் தம் நூலில் விவரித்தவர் இயேசு சபைக் குரு அத்தனாசியுஸ் கிர்க்கர். 2012 குஜராத் தேர்தலில் ஒரு தலைவர் ஒரே வேளையில் பல ஊர் மேடைகளில் தோன்றிப் பேசியதை ஹாலோகிராம் என்று நாளேடுகள் எழுதின. உண்மையில் அதுவும் பெப்பரின் கண்ணாடி வித்தைக்கு உறவுதான்.

இனி மடலுக்கு வருவோம். அதில் இரண்டு குற்றச்சாட்டுகள் உள்ளன.

முதலாவது, முடிவு சொல்லாத கதை இளைஞரைக் குழப்பும் என்பது. துப்பறியும் கதைக்குச் சட்டம் வகுத்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குரு என்பதை மடல் எழுதியோர் அறிந்திருந்தால் இக்குற்றச்சாட்டை இன்னும் வலுவாக எழுதியிருப்பர். இரொனால்டு நாக்ஸ் அடிகளார் திருவிவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர். துப்பறியும் புதினங்களும் எழுதியவர். 1929இல் அவர் இவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். இயல்புக்கு மேற்பட்ட சக்திகள் கதையின் விளக்கமாக வரவே கூடாது. இரகசிய வழி ஒன்றுக்கு மேல் இருக்கலாகாது. துப்பறிவோர் கண்ட தடயத்தை வாசகருக்கு மறைக்கலாகாது என்பன அவற்றுட் சில. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் ‘கொலையுதிர் காலம்’ குற்றவாளியே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாக்ஸ் அடிகளார் வகுத்தது விளையாட்டின் விதி. எதிராளியை ஏமாற்றாமல் சதுரங்கம் ஆடுவது எப்படி என்று சொன்னாரேயன்றி, சதுரங்கம் அல்லாத எதையும் ஆடாதே என்று அவர் சொல்லவில்லை. சுஜாதா இக்கதையில் எடுத்துக்கொண்ட காரியம் வேறு. ஒரே நிகழ்ச்சியைக் கண்ட இருவரை, ஒருவரையொருவர் நேசிக்கும் இருவரை, எதிரெதிர் முடிவில் நிறுத்தி, அவர்கள் நட்பு முறியாமல் கதையை நடத்துகிறார். இது பள்ளி ஆசிரியர் சொன்ன ஏமாற்று வேலை அன்று. கதவு சாத்தப்பட்டது என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள் இருவர் இன்னமும் பேசிக்கொண்டிருப்பது வெளியே கேட்கிறது. அதைக் கேட்கப் பொறுமையில்லாதவர் எழுத்தாளரைக் குறை சொல்லலாகாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, பேயும் துப்பறிதலும் கொலையும் விசுவாசிகள் கையில் இருக்கத் தகாதவை என்பது. இதை எழுதியவர்கள் தங்கள் வீட்டுத் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் 13, 14ஆம் அதிகாரங்களைப் படிக்கட்டும். சூசன்னாவின்மேல் பழி சுமத்திய இரு முதியோரையும் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று கேட்டுப் பொய்யைப் பிடிக்கிறார். இன்றைய காவல் நிலைய விசாரணையும் அதுதான். பேல் தெய்வம் இரவில் படையலை உண்கிறது என்று அரசர் நம்பியபோது, கோவில் தரையில் சாம்பலைத் தூவிவைத்து, மறுநாள் காலை ஆண் பெண் குழந்தைகளின் காலடித் தடங்களைக் காட்டுகிறார். படையல் மேசையடியில் ஓர் இரகசிய வழி! (நாக்ஸ் அடிகளார் அனுமதித்த அளவு, சரியாக ஒன்று.) 1928இல் டோரதி சேயர்ஸ் துப்பறியும் சிறுகதைகளைத் தொகுத்தபோது இவ்விரு கதைகளையும் அத்தொகுப்பில் சேர்த்தார்.

பேயும் இல்லாமல் இல்லை. சாமுவேல் முதல் நூல் 28ஆம் அதிகாரத்தில், ஏன்தோர் ஊர்ப் பெண்ணிடம் சென்ற சவுலுக்குத் தோன்றியது இறந்துபோன சாமுவேலேதானா? உண்மையாகவே சாமுவேல் என்றார் ஒரிஜன். தீய ஆவி போட்ட வேடம் என்றார் நிசா நகர் கிரகோரியார். புனித அகுஸ்தினார் இரு விளக்கங்களையும் எடுத்து எடைபோட்டுப் பார்த்தார். திருச்சபையின் தந்தையரே ஒரு தோற்றத்தைக் குறித்துக் கணேஷும் வசந்துமாகப் பிரிந்து நின்றிருக்கிறார்கள். அதற்காக அந்த அதிகாரத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்று எவரும் மடல் எழுதவில்லை.

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1910இல் படைத்த பிரவுன் அடிகளாரின் கதைகளைப் படித்தோர்க்கு இன்னொன்றும் தெரியும். அக்கதைகள் பலவற்றில் அறிவாளிகளும் செல்வர்களும் சாபம், ஆவி, மாயம் என்று நடுங்குவார்கள். குடையும் கையுமாக வரும் அந்தக் குள்ளக் குருதான் தடயத்தைப் பார்த்து, இது மனிதன் செய்தது என்பார். கடவுளை நம்புகிறவன் கண்டதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை என்பது செஸ்டர்டனின் கருத்து. நம் மடலாளர்களோ பேயைக் கண்டு அஞ்சுகிறார்கள். அதற்கு விளக்கம் தேடும் கதையைக் கண்டு அதைவிட அஞ்சுகிறார்கள்.

மடலில் இல்லாத ஒரு குற்றச்சாட்டும் உண்டு. அதைச் சொன்னவர்கள் நம் வட்டத்து மாணவியர். பெண்களைப் பற்றி வசந்த் பேசும் பேச்சும் அடிக்கும் பகடியும் அக்கால வாசகரைச் சிரிக்க வைத்திருக்கலாம். தங்களுக்கு அவை வருத்தம் தருகின்றன என்று மூவர் சொன்னார்கள். ஒருவர் அப்பக்கங்களைக் குறித்தே வைத்திருந்தார். நியாயமான கண்டனம், பேயைவிடக் கனமான கண்டனம். 11 ஒப்பங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை என்னென்று சொல்வது? அம்மாணவியர்கூட நூலை அகற்றச் சொல்லவில்லை. குறித்த பக்கங்களை எல்லாரும் கேட்க உரக்கப் படிக்க வேண்டும் என்றே கேட்டார்கள். அவ்வாறே படித்தோம். ஆண் மாணவர் சிலர் தலை நிமிரவில்லை.

தொடர்கதையொன்றைக் கண்டனத்தால் நிறுத்துவது சுஜாதாவுக்குப் புதிதன்று. 1857 எழுச்சியைப் பின்னணியாக வைத்துக் ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’ என்று அவர் குமுதத்தில் தொடங்கிய தொடர் எதிர்ப்பினால் இடையில் நின்றது. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் அக்கதையை எழுதி முடித்தார். நிறுத்தியோரின் வாதம் என்னவாயிற்று? கதை மட்டும் இன்றும் கடையில் கிடைக்கிறது.

நாமும் இக்குற்றத்தில் பங்குடையோரே. குருமாணவராயிருந்த நாளில் தைத்த தொடர்ப் பக்கங்களாகவே இக்கதையை முதலில் படித்தோம். அது பறிக்கப்பட்டது, பறித்தவர் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தரவில்லை என்பது எங்கள் வகுப்பின் நெடுநாள் வருத்தம். அவரைக் குறை சொல்லும் நாம், குருவான பிறகு முதற்பங்கில் நூலகப் பொறுப்பேற்றபோது என்ன செய்தோம்? அதே வேலையைத்தான். மர்மப் புதினங்கள் அத்தனையையும் பழைய தாள் எடைக்குப் போட்டோம். எட்டுக் கிலோ இருந்தது. அதன்பின் அந்நூலகத்துக்கு யாரும் வரவில்லை.

இப்போது இவ்வளவு வேகத்தோடு எழுதுவதற்குக் காரணம் புதினம் மட்டுமன்று. இரண்டாண்டுகளுக்கு முன், மழை விடாது பெய்த ஓர் இரவில், பதினொரு மணிக்கு நம் இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. வெளியூரிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணொருத்தியை அவள் தாய்மாமனும் அண்ணனும் அழைத்து வந்திருந்தனர். தாய் பின்னால் நின்றார். “சாமி, இதுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க தலையில கைய வச்சு ஓட்டி விடுங்க” என்றார் மாமன். “ஒண்ணுமில்ல ஃபாதர், பரீட்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறா” என்றார் அண்ணன். இருவரும் நம் முன்னிலையிலேயே கை ஓங்கும் அளவுக்குப் போனார்கள். அரைமணி நேரம் அந்தப் பெண் நனைந்த உடையோடு நாற்காலி நுனியில் அமர்ந்திருந்தாள். நீ என்ன கண்டாய், என்ன கேட்டாய் என்று அவளிடம் ஒருவரும் வினவவில்லை.

நாம் வினவினோம். எட்டு நாள்களாகத் தூக்கமில்லை; யாரோ தன் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்கிறது; அறைத்தோழியிடம் சொல்ல அச்சம். சொல்லி முடிக்கையில் குரல் எழவில்லை. துணியை மாற்றச் செய்து, சூடாக ஏதேனும் குடிக்கக் கொடுத்து, சிறிது நேரம் அவளோடு செபித்தோம். விடிந்ததும் மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிச் சென்றோம். மாமனுக்கு நம்மேல் கோபம். குரு என்பவர் பேய் ஓட்ட வேண்டாமா?

ஓட்டக் கூடாது என்றே திருச்சபை சொல்கிறது. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கு நிகழ்த்தலாகாது என்பது திருச்சபைச் சட்டம் 1172. தீய ஆவி பிடித்தது என எளிதில் நம்பிவிடாதே என்று 1614ஆம் ஆண்டுச் சடங்கு நூலே எச்சரித்தது. 1999இல் வெளியான திருத்திய சடங்கு நூல் மருத்துவ அறிஞரைக் கலந்துகொள்ளவும் வழி வகுத்தது. தீய ஆவியை மறுக்காத திருச்சபை, அவசரப்படாதே என்றும் சொல்கிறது. வசந்தின் நம்பிக்கைக்கும் கணேஷின் நிதானத்துக்கும் ஒரே வீட்டில் இடமுண்டு. அன்று நம் வரவேற்பறையில் நின்ற இருவரோ, கதையின் கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்துவிட்டவர்கள். ஒருவருக்குப் பேய், மற்றவருக்கு நடிப்பு. நடுவிலிருந்த பக்கங்கள் எவருக்கும் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் இப்போது மருந்து உட்கொள்கிறாள். ஓராண்டு படிப்பு தள்ளிப்போயிற்று. குரல் இன்னமும் எப்போதாவது கேட்கிறதாம்; அதோடு பேருந்தில் ஏறி வகுப்புக்குப் போகப் பழகிவிட்டாள்.

முடிவு தெரியாத ஒன்றோடு சில நாள் வாழப் பழகாத மனம் எவ்வளவு கொடியதாகும் என்பதை அன்று கண்டோம். அந்தப் பழக்கத்தை ஒரு விலைமலிவான புதினம் தருமானால், அதை நம் அலமாரியில் வைத்திருப்போம். எல்லாருடைய கருத்தும் சரியே, அவரவர்க்கு அவரவர் வாசிப்பு என்று சில இளைஞர் சொல்வதையும் நாம் ஏற்பதற்கில்லை. நூலில் எழுதியிருப்பது எழுதியிருப்பதே. தடயத்தைத் தாண்டிப் பேசுகிறவரை எந்தப் பக்கத்தில் என்று கேட்கத்தான் வேண்டும். பாட்டி கண்டதைச் சான்றாகக் காட்டிய சகோதரியையும் கேட்டோம். அவர் பக்கத்தைத் தேடிக்கொண்டு அடுத்த வாரம் வந்தார். தம் தரப்புக்கு இரண்டு இடங்களைக் காட்டினார். அவற்றுள் ஒன்றுக்குக் கரும்பலகை மாணவரால் இன்றுவரை விடை சொல்ல முடியவில்லை.

விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபை 1559 முதல் வைத்திருந்தது. 1966இல் அதைக் கைவிட்டது. 2024 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு மடல் எழுதினார். குருமாணவருக்காகத் தொடங்கி, பின் எல்லாருக்குமாக விரித்ததாக அதில் அவரே குறிப்பிடுகிறார். இளமையில் பள்ளி மாணவருக்கு இலக்கியம் கற்பித்தவர் அவர். பாடநூலை ஒதுக்கிவிட்டுத் தாங்கள் விரும்பியதைப் படிக்கக் கேட்ட மாணவருக்கு இணங்கிய கதையையும் அதில் சொல்கிறார். மடலாளர்கள் தங்கள் மடலுக்கு ஆதரவாகத் திருச்சபையை இருமுறை அழைத்திருப்பதால் இதைக் குறிப்பிட நேர்ந்தது.

மடலில் ஒப்பமிட்ட 11 பேரையும் நேரில் சந்தித்தோம். நூலை முழுவதும் படித்தவர் இருவர். அவ்விருவரிலும் ஒருவர், முடிவு தமக்குப் பிடித்திருந்தது, கூட்டத்தோடு ஒப்பமிட்டேன் என்றார். ஏனைய ஒன்பதின்மரையும் படித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொண்டோம். நம்மிடம் உள்ளது ஒரே படி. பதிவேட்டில் ஒன்பது பெயர்களையும் வரிசையாக எழுதி வைத்தோம். முதலாமவர் கொண்டுபோய் 24 நாள்கள் ஆகின்றன. தவணை 14 நாள். இரண்டாமவர் நேற்று மாலைத் திருப்பலி முடிந்ததும் வந்து, புத்தகம் திரும்பி வந்துவிட்டதா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டுப் போனார்.